மெதுவாப் போகத் தெரியாத படகு: வேகத்துக்கு மானியம் இருக்கு, நிதானத்துக்கு?

‘ட்ரோல்’ என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மீம்ஸும் கமென்ட் சண்டையும்தான். ஆனா இந்த வார்த்தை இணையத்துக்கு வந்ததே மீன்பிடியிலிருந்துதான். ஓடுகிற படகுக்குப் பின்னால் இரை மாட்டிய தூண்டிலை இழுத்துக்கிட்டே போய், மீன் வந்து கடிக்கக் காத்திருப்பதற்குப் பெயர் ட்ரோலிங். 1990-களின் தொடக்கத்தில் இணைய விவாதக் குழுக்களில் புதுசா வந்தவங்களைச் சீண்டுவதற்காக ‘இரை’ போடுவதை இந்தப் பெயரில் சொல்ல ஆரம்பிச்சாங்க. அது அப்படியே நம்ம டைம்லைன் வரைக்கும் வந்துடுச்சு.

இந்தக் கட்டுரை அந்த ஒரிஜினல் ட்ரோலிங் பற்றி. அதிலும் ஒரே ஒரு கேள்வி: படகை எப்படி மெதுவாக்குறது?

“இதுல என்ன இருக்கு, ஆக்ஸிலேட்டரைக் குறைச்சா போச்சு” என்று தோணுதா? ஒரு நாள் காலையில் கடலுக்குப் போகும் வரை நானும் அப்படித்தான் நினைச்சேன்.

ரெண்டு வாளியும் ஒரு கயிறும்

தூத்துக்குடி பக்கம் ஒரு கடற்கரை ஊர்தான் அம்மாவுடைய ஊர். மாமா அங்கே சின்ன பைபர் படகு வெச்சிருக்கார். போன லீவுக்குப் போனப்போ, வஞ்சிரத்துக்குத் தூண்டில் போடக் கிளம்பியவரோடு நானும் தொற்றிக்கிட்டேன்.

விடியக்கருக்கலில் முதல் வேலை, இரைக்குச் சின்ன மீன் பிடிப்பது. அதை ஒரு டப்பா கடல் தண்ணியில் உயிரோடு வெச்சுக்கிட்டார். வஞ்சிரத்தின் பல் தங்கூசியை ஒரே கடியில் அறுத்துடும். அதனால் தூண்டில் முள்ளுக்கு முன்னால் கொஞ்ச நீளத்துக்குக் கம்பி. அதில் உயிர் மீனை மாட்டிப் பின்னால் விட்டார். இன்ஜினை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவும் குறைச்சார்.

பிரச்னை அங்கேதான் ஆரம்பிச்சது. இரை மீன் நீந்தவே இல்லை. தண்ணிக்கு மேல வந்து பம்பரம் மாதிரி சுத்துச்சு. கொஞ்ச நேரத்தில் செத்தும் போச்சு. அடுத்த மீனுக்கும் அதே கதி.

“உசுரு இரைன்னா நடக்குற வேகத்துல போகணும் மாப்ள. இது ஓடுதுல்லா” என்றார் மாமா. அப்புறம் ரெண்டு பிளாஸ்டிக் வாளியில் கயிறு கட்டிப் பின்னால் போட்டார். வாளியில் தண்ணி நிறைஞ்சு படகைப் பின்னுக்கு இழுக்கும், வேகம் குறையும். குறையவும் செஞ்சது. ஆனா பத்து நிமிஷத்தில் ஒரு வாளியின் கைப்பிடி பிய்ஞ்சு வாளி போயிடுச்சு. வெறுங்கயிறு நேரா ப்ரொப்பல்லர் பக்கம் போக, மாமா பாய்ஞ்சு இன்ஜினை அணைச்சார். கயிறு சுத்தியிருந்தா அன்னைக்கு யாராவது வந்துதான் எங்களைக் கட்டி இழுத்திருக்கணும்.

வஞ்சிரம் ஒண்ணுகூட இல்லாமல் திரும்பினோம். வரும்போது மாமா சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “பழைய சின்ன இன்ஜின்ல இந்தத் தொல்லை இல்ல மாப்ள. கடன் வாங்கி பவரைக் கூட்டினேன். மெதுவாப் போறது போச்சு.”

குறைச்சாலும் ஏன் குறைய மாட்டேங்குது?

ஒரு சின்னக் கணக்குப் போட்டா இது புரிஞ்சுடும்.

கார் மாதிரி படகுக்குப் பல கியர் கிடையாது. சாதாரண அவுட்போர்டு மோட்டாரில் முன்னே, நியூட்ரல், பின்னே, அவ்வளவுதான். இன்ஜின் அணையாமல் ஓட நிமிஷத்துக்குச் சுமார் 800 சுற்றாவது வேணும். கியர் அதைப் பாதியாக்கினால் ப்ரொப்பல்லர் 400 தடவை சுத்தும். ப்ரொப்பல்லர் ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதை ‘பிட்ச்’ என்பாங்க. உதாரணத்துக்கு அது 13 அங்குலம், அதாவது 33 சென்டிமீட்டர் என்று வைப்போம்.

400 சுத்து, சுத்துக்கு 33 சென்டிமீட்டர். நிமிஷத்துக்கு 132 மீட்டர். மணிக்குக் கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர். தண்ணியில் ப்ரொப்பல்லர் வழுக்குவதால் 30 சதவீதம் கழிச்சாலும் மணிக்கு 5.5 கிலோமீட்டர். கடல் கணக்கில் 3 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.

இந்தப் படகின் ‘மிகக் குறைந்த’ வேகமே இதுதான். உயிர் இரைக்குத் தேவைப்படுவதோ 1 முதல் 2 நாட். பின்காத்து அடிச்சா, நீவாடும் அதே திசையில் தள்ளினா, இன்னும் கஷ்டம்.

இன்ஜினை இன்னும் குறைக்கலாமேன்னா, அணைஞ்சு போகும். டூ ஸ்ட்ரோக் மோட்டாரை மணிக்கணக்கில் ஐடிலில் ஓட்டினா, பெட்ரோலோடு கலந்த ஆயிலே பிளக்கில் கரியாப் படியும். திரும்பி வரும்போது ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணும்.

நம்ம கரையில் அதிகம் பார்க்கிற, நீண்ட தண்டு வெச்ச டீசல் இன்ஜின்கள் பலவற்றில் கியரே கிடையாது. இன்ஜின் ஓடினா ப்ரொப்பல்லரும் சுத்தும். நிறுத்தணும்னா தண்டையே தூக்கி ப்ரொப்பல்லரைத் தண்ணிக்கு வெளியே எடுக்கணும்.

பாய்மரக் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. பாயைச் சுருக்கினா வேகம் குறையும், அவ்வளவுதான். பெரியவங்க பாயில் போய்க்கிட்டே தூண்டில் இழுத்தாங்க. இன்ஜின் வந்து வேகத்தைக் கொடுத்துச்சு. நிதானத்தைத் தனியா ஏற்பாடு பண்ணிக்க வேண்டியதாப் போச்சு.

எல்லாத்துக்கும் மெது வேண்டாம்

ட்ரோலிங் என்றாலே ஆமை வேகம் என்று நினைச்சுட வேண்டாம். வேகத்தை முடிவு பண்ணுவது இரை.

பளபளக்கும் செயற்கை இரையைக் காட்டி சூரையையோ வஞ்சிரத்தையோ பிடிக்க 5 முதல் 8 நாட் வரைகூடப் போவாங்க. தப்பி ஓடுற மீன் மாதிரி அது தெரியணும். செத்த மீனை இரையாக் கோத்தால் அதைவிடக் குறைவு. உயிர் மீன் என்றால் நடைவேகம். அமெரிக்கா - கனடா எல்லையில் இருக்கிற ஈரி ஏரியில் ‘வால்ஐ’ என்ற மீனுக்குப் பொழுதுபோக்காத் தூண்டில் போடுறவங்க, மணிக்கு 1 முதல் 2.5 மைலுக்குள் படகை வெச்சுக்கப் பெரிய பாடுபடுவாங்க. இந்த வேலைக்கென்றே அங்கே தனித்தனிக் கருவிகள் கடையில் விற்குது.

இன்னொரு விஷயம், போனை நம்பி ஏமாறக் கூடாது. ஜிபிஎஸ் காட்டுறது தரையைப் பொறுத்த வேகம். மீனுக்கு முக்கியம், தண்ணியைப் பொறுத்து இரை போற வேகம். 1 நாட் நீவாட்டை எதிர்த்துப் போகும்போது போன் 2 என்று காட்டினால், இரை உண்மையில் 3-ல் போகுது. அதே நீவாட்டோடு திரும்பி வரும்போது போன் அதே 2 காட்டினால், இரை 1-ல்தான் போகுது. “போகும்போது கடிச்ச மீன் வரும்போது ஏன் கடிக்கலை?” என்ற பல பேர் புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எப்படி மெதுவாக்குறது?

எளிதானதிலிருந்து வரிசையா பார்ப்போம்.

1. எதிர்த்துப் போறது: காத்தையோ நீவாட்டையோ எதிர்த்துப் படகைத் திருப்பினால் படகு தானா மெதுவாகும். செலவில்லாத வழி. காத்து எதிரே இருந்தா நீவாடும் எதிரேதான் இருக்கும் என்று சொல்ல முடியாது. நீவாட்டை எதிர்த்தால் தரைக்கணக்கில்தான் வேகம் குறையும். இரையின் வேகம் குறையாது. இரையை நிதானமாக்கணும்னா காத்தை எதிர்ப்பதுதான் உதவும்.

2. வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுறது: படகு திரும்பும்போது வளைவுக்கு உள்பக்கம் இருக்கிற தூண்டில் மெதுவாகும், வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுக்கும். எந்தப் பக்கம் கடிக்குதுன்னு பார்த்தாலே, அன்னைக்கு மீனுக்குப் பிடிச்ச வேகம் தெரிஞ்சுடும்.

3. இழுவைப் பை: மாமாவுடைய வாளி யோசனையின் ஒழுங்கான வடிவம். கனத்த துணியில் கூம்பு மாதிரி தைச்ச பை. வாய் அகலம், வால் பக்கம் சின்ன ஓட்டை. தண்ணிக்குள்ள குடை மாதிரி விரிஞ்சு படகைப் பிடிச்சு இழுக்கும். படகின் நடுப்பகுதியில் பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு கட்டினால் படகு நேரா ஓடும். கயிற்றின் நீளம் எந்த நிலையிலும் ப்ரொப்பல்லரை எட்டக் கூடாது. வால் பக்கத்தில் ஒரு மெல்லிய கயிறு கட்டி வெச்சா, அதை இழுத்ததும் பை கவிழ்ந்து தண்ணி வெளியேறி லேசா மேலே வந்துடும். பெரிய மீன் மாட்டின நேரத்தில் இந்தக் கயிறு ரொம்ப முக்கியம்.

4. ப்ரொப்பல்லரை மாத்துறது: மேலே போட்ட கணக்கில் 13 அங்குல பிட்ச்சுக்குப் பதிலா 9 அங்குலம் போட்டுப் பாருங்க. அதே 400 சுத்துக்கு, வழுக்கல் போக மணிக்கு 4 கிலோமீட்டருக்குள் வந்துடும். கிட்டத்தட்ட 2 நாட். ஆனா உச்ச வேகமும் குறையும். ஆக்ஸிலேட்டரை முழுசாத் திறந்தா இன்ஜின் அளவுக்கு மீறிச் சுத்தும் ஆபத்தும் இருக்கு. மெக்கானிக்கைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

5. தடுப்புத் தகடு: ப்ரொப்பல்லருக்குப் பின்னால் கீல் வெச்ச ஒரு தகடு. கீழே இறக்கினால் ப்ரொப்பல்லர் தள்ளும் தண்ணியை மறிச்சு வேகத்தைக் குறைக்கும். தூக்க மறந்து வேகமெடுத்தா தகடு வளையும். பொருத்தின இடமும் கெடும்.

6. ரெண்டாவது சின்ன மோட்டார்: போக வர பெரிய மோட்டார், தூண்டில் இழுக்க 10 எச்பிக்குள் ஒரு சின்னது. ஈரி ஏரிப் பக்கம் இது ரொம்ப சகஜம். என்னைக் கேட்டா நம்ம கடலுக்கும் இதுதான் சரியான தீர்வு. பெரிய மோட்டார் பழுதானாலும் கரை சேர இன்னொன்று இருக்கும். ஒரே தடை, காசு.

பின்னோக்கி கியர் போட்டு ஓட்டுறதும் ஒரு வழியாச் சொல்லப்படுது. ஏரிக்குச் சரி. நம்ம கடலில் அமரத்துப் பக்கமா அலை ஏறினா சின்னப் படகு நிறைஞ்சுடும். அதே காரணத்துக்காக, இழுவைப் பையை அமரத்தில் கட்டிட்டுப் பெரிய அலையில் ஓட்டுவதும் ஆபத்து.

இதுக்கு எதுக்கு ஒரு கருத்துக் கட்டுரை?

ஒரு படகை மெதுவாக்குவது வெறும் மெக்கானிக் வேலை இல்லைன்னு நான் நினைக்கிறேன். நம்ம கடல் எதைச் சார்ந்து பிழைக்கணும் என்ற கேள்வி அதுக்குள்ள இருக்கு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். ட்ரோலிங் வேற, ட்ராலிங் வேற. ட்ராலிங் என்பது இழுவை மடி: பெரிய வலையைக் கடலடியில் இழுத்து, வழியில் இருக்கிறதை எல்லாம் அள்ளுவது. வேடிக்கை என்னன்னா, மடி இழுக்கும்போது ட்ராலரும் 2 முதல் 4 நாட்டில் மெதுவாகத்தான் போகும். அதனுடைய இன்ஜின் பலமெல்லாம் வலையை இழுக்கப் போயிடும். இறால், நண்டு, குஞ்சு மீன், விற்க முடியாத கழிசல் எல்லாம் ஒண்ணா மேலே வரும். ட்ரோலிங்கில் ஒரு முள்ளுக்கு ஒரு மீன். வேண்டாததைப் பல நேரம் உயிரோடு திருப்பி விடலாம். பிடிச்ச மீனும் நசுங்காமல் வரும்.

தமிழ்நாட்டுக் கடலில் கரையை ஒட்டிய பகுதி 1983-ம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி பாரம்பரியப் படகுகளுக்கானது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செஞ்சது. அதே 2017-ல் இங்கே பாக் நீரிணையின் ட்ராலர்களை ஆழ்கடல் படகுகளா மாத்தும் திட்டம் வந்தது: மூணு வருஷத்தில் 2,000 படகு, படகுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் 70 சதவீதம் மானியம். இலக்குக்குப் பக்கத்தில்கூட அது போகலை.

இந்த விவாதம் முழுக்கப் பெரிய படகுகளைச் சுத்தியே நடக்குது. ஏற்கெனவே பொறுப்பா, முள்ளுக்கு ஒரு மீனாப் பிடிக்கிற சின்னப் படகுக்காரர் இதில் எங்கே இருக்கார்? அவருக்கும் திட்டங்கள் உண்டு: மானியத்தில் மோட்டார், மானியத்தில் மண்ணெண்ணெய், வரிவிலக்கு டீசல். எல்லாமே படகு ஓடுவதற்கு. ஓடும் படகு நிதானமா வேலை செய்யத் தேவையான பொருளைப் பற்றிப் பேச்சே வர்றதில்லை. ஒரு துணிப்பையும், சரியான பிட்ச்சில் இன்னொரு ப்ரொப்பல்லரும் ஒரு மோட்டார் விலையில் சின்னப் பங்குதான் ஆகும்.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. மோட்டாருக்கு மானியம் கொடுக்கும்போது ‘எத்தனை எச்பி?’ என்பதோடு ‘என்ன மீன்பிடி?’ என்றும் கேளுங்க. தூண்டில்காரர் என்றால், மெதுவாப் போகத் தேவையானதையும் அந்தத் தொகுப்பில் சேருங்க. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கு; நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கு. நம்ம பைபர் படகுக்கும் நம்ம அலைக்கும் ஏத்த இழுவைப் பையை அங்கே வடிவமைச்சு, கரையில் வெச்சுத் தைக்கக் கத்துக்கொடுக்கலாம். வாளி கட்டி இழுக்கிற நிலை மாறும்.

எரிபொருள் கணக்கும் இதுக்குச் சாதகம்தான். தண்ணியில் வேகத்தைப் பாதியாக்கினால் அதுக்குத் தேவையான சக்தி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகும். சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் சிக்கனம் பற்றி ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2012-ல் வெளியிட்ட கையேடும், வேகத்தைக் குறைப்பதை முக்கியமான வழியாச் சொல்லுது.

எதிர்க்கேள்விகள் இருக்கு

“பவர் கூடக் கூடாதுங்கிறியா?” இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தப்போ கன்னியாகுமரி மாவட்டம் என்ன பாடுபட்டுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். வானம் மாறும்போது கரைக்கு ஓடி வர பலமான இன்ஜின் வேணும். மாமா கடன் வாங்கினதில் தப்பே இல்லை. பவரோடு பிரேக்கும் சேர்த்துக் கொடுக்கணும் என்பதுதான் என் வாதம்.

“தூண்டில் மீனை நம்பிக் கடன் அடைக்க முடியுமா?” இதுதான் கஷ்டமான கேள்வி. மாமாவே சில நாள் வலைக்குப் போறார், சில நாள் தூண்டிலுக்குப் போறார். எல்லாரும் தூண்டிலுக்கு மாறணும்னு ஏசி ரூமில் உட்கார்ந்து நான் எழுதினால் அது அபத்தம். ‘ஸ்லோ லிவிங்’ நமக்கு வீக்எண்ட் ஆசை. கடலில் மெதுவாப் போறது கூடுதல் நேரம், கூடுதல் வெயில், கூடுதல் பொறுமை. அந்த உழைப்புக்கு விலை கிடைச்சாதான் அது நிலைக்கும்.

விலை விஷயத்தில் நமக்கும் பங்கு இருக்கு. ஆப்பில் ஆர்டர் பண்ணும்போது ‘கர்ரி கட்டா, ஸ்டேக் கட்டா’ என்று தேர்ந்தெடுக்கிறோம். எப்படிப் பிடிச்ச மீன் என்று கேட்பதில்லை. கடற்கரை ஊர்ச் சந்தையில் “தூண்டில் மீனா?” என்று கேட்டு வாங்குறவங்க இன்னைக்கும் இருக்காங்க. சென்னையில் வஞ்சிரத்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு கொடுக்கிற நாமும் அந்த ஒரு கேள்வியைக் கேட்கலாம். பத்து பேர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். நூறு பேர் கேட்டால் ஆப்பில் ஒரு பட்டன் வரும்.

போன வாரம் மாமாவுக்கு போன் பண்ணினேன். இழுவைப் பை பற்றி நான் படிச்சதைச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, “படம் இருந்தா வாட்ஸ்அப்புல போடு மாப்ள. பழைய தார்ப்பாய் கெடக்கு, டெய்லர்கிட்ட கொடுத்துப் பார்க்கேன்” என்றார்.

படத்தை அனுப்பிட்டேன். கூடவே ஒரு வாய்ஸ் நோட்டும்: “கயிறு ப்ரொப்பல்லரை எட்டக் கூடாது மாமா.”

பதிலுக்கு ஒரு சிரிப்பு எமோஜி வந்துச்சு. அப்புறம் ஒரு வரி: “எனக்கேவா?”